நோயாளியின் ஏடு யாருக்குச் சொந்தம்?

ஏட்டின் மதிப்பு வியாபாரிகளாகிய நமக்குத் தெரியாததன்று. பற்று வரவுப் பேரேடு தொலைந்தால் கடையே தொலைந்ததாகக் கருதுவோம்; அதை அயலார் புரட்டிப் பார்க்கவும் விடமாட்டோம். பணத்தின் ஏட்டைப் போலவே உடம்புக்கும் ஓர் ஏடு உண்டு. சுங்கை பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் முதலிய ஊர்களில் நம்மில் பலர் ஊழியர்களுக்காகக் கிளினிக்கில் கணக்கு வைத்திருக்கிறோம். சிலருடைய மக்கள் டாக்டராகிக் கிளினிக் திறக்கின்றனர். ஆகவே, அட்டையிலிருந்து கணினிக்கு மாறும் இந்த ஏட்டின் சட்டத்தை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

முன்பு கெடா ரப்பர் தோட்டங்களில் டிரஸ்ஸர் கையால் எழுதி வைத்த புத்தகமே தொழிலாளியின் மருத்துவ வரலாறு. தோட்டம் துண்டாடப்பட்டு அவர் வேறிடம் போனால் புத்தகம் கூடப் போகாது. எந்த மருந்து தமக்கு ஆகாது என்பதை அவரே நினைவில் வைத்துச் சொல்ல வேண்டும். கணினி ஏடு இக்குறையைத் தீர்க்க வல்லது. 1999இல் திறக்கப்பட்ட செலாயாங் அரசாங்க மருத்துவமனை காகிதமின்றி நடத்தும் முறையை நம் நாட்டில் தொடங்கி வைத்தது. ஆனால் சௌகரியம் பெருகும்போது பொறுப்பும் பெருகுகிறது.

ஏடு யாருக்குச் சொந்தம்? 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டமும் அதன் விதிகளும் 2006 மே 1 முதல் அமலில் உள்ளன. அவற்றின்படி ஏடு கிளினிக்கின் உடைமை. எனினும் நோயாளி தம் மருத்துவ அறிக்கையைக் கேட்டுப் பெறலாம். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. அது தம்மைப் பற்றிய விவரங்களைப் பார்க்கவும், பிழையைத் திருத்தக் கோரவும் நோயாளிக்கு உரிமை தருகிறது. உடல்நல விவரங்களை அது தனிக் காவலுக்குரியவை என வகுத்துள்ளது. இச்சட்டம் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது. தனியார் கிளினிக்கையும் வர்த்தகரையும் கட்டுப்படுத்தும்.

இனி நம்மைத் தொடும் விஷயத்துக்கு வருவோம். ஊழியர் எம்.சி. கொண்டு வந்தால், "பணம் கட்டுவது நான்தானே, என்ன நோய் என்று சொல்லுங்கள்" என டாக்டரைக் கேட்கும் முதலாளிகள் உண்டு. இது தகாது. பில்லைக் கட்டுவதால் பிறர் உடம்பின் இரகசியம் நமக்குச் சொந்தமாகிவிடாது. எத்தனை நாள் ஓய்வு, எந்த வேலை கூடாது என்பவையே நமக்கு வேண்டியவை. குறிப்பிட்ட தொற்றுநோயானால், சுகாதார இலாகாவுக்கு அறிவிக்கும்படி 1988ஆம் ஆண்டுச் சட்டம் டாக்டருக்குக் கட்டளையிட்டிருக்கிறது. அங்கே அறிவிப்பதால் முதலாளியிடமும் சொல்லலாம் என்றாகாது.

இதில் நம் நன்மையும் அடங்கியிருக்கிறது. நோய் வெளிப்பட்டால் வேலை போகுமென அஞ்சும் ஊழியர் கிளினிக்குக்கே போகமாட்டார். காசநோயை மறைத்துக்கொண்டு சாப்பாட்டுக் கடையில் இருமுவார். இரகசியம் காக்கப்படும் என்று நம்பினால்தான் காலத்தில் மருந்து எடுப்பார். ஆகவே கிளினிக் அனுப்பும் மாதக் கணக்கில் பெயர், தேதி, தொகை ஆகியவை மட்டும் இருக்கட்டும் எனக் கேட்டுக்கொள்வோம். எம்.சி. சீட்டுகளையும் பூட்டி வைப்போம்.

கிளினிக் நடத்துவோர் கவனிக்க வேண்டியவை:

1. ஒவ்வொரு பணியாளருக்கும் தனிக் கடவுச்சொல் வேண்டும். யார், எப்போது எழுதினார், எதைத் திருத்தினார் என்பது பதிவாக வேண்டும். 1950ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், 90ஏ பிரிவின்படி, கணினிப் பதிவு நீதிமன்றத்தில் சாட்சியாகும். தடயமின்றித் திருத்திய ஏட்டுக்கு அங்கே மதிப்பிராது.

2. வழக்குத் தொடுக்கும் தவணை பொதுவாக 6 ஆண்டுகள். சிறுவர் விஷயத்தில் 18 வயது நிறைந்த பின்னரே அது ஓடத் தொடங்கும். அதுவரை ஏட்டை அழிக்கலாகாது.

3. மென்பொருள் கம்பெனியோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும். ஏடு எங்கே சேமிக்கப்படுகிறது, உறவு முறிந்தால் முழுவதும் திரும்பக் கிடைக்குமா என்பவற்றை முதலிலேயே கேட்க வேண்டும்.

4. தினமும் நகல் எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும்.

அலட்சியத்தின் விலையை அண்டை நாடு கண்டது. 2018இல் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் கணினியில் புகுந்தவர்கள் 15 லட்சம் பேரின் விவரங்களைத் திருடினர். அவர்களில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கும் ஒருவர். சிங்ஹெல்த்துக்கு 2,50,000, கணினியைப் பராமரித்த நிறுவனத்துக்கு 7,50,000 சிங்கப்பூர் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. நம் நாட்டிலும் 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தால், தரவுப் பாதுகாப்பு நெறிகளை மீறினால் 10 லட்சம் வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று தண்டனை உயர்ந்துள்ளது. 2025 ஜூன் முதல், பெருந்தீங்கு விளைவிக்கும் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் அறிவிக்க வேண்டும்.

பிறர் நம்மிடம் ஒப்படைத்த பொருளை அமானிதம் என்கிறோம். நோயாளி டாக்டரிடம் சொன்ன சொல்லும் அவ்வாறே. காகிதத்தில் இருந்தாலும் கணினியில் இருந்தாலும் அதன் காவல் ஒன்றே.