நம்மூர் மையைச் சோதிக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய மை நோட்டு கிடைத்தது. பக்கத்துக்கு ஒரு மை, மேலே பெயர், கீழே பஞ்சுக்குச்சியால் இழுத்த பட்டை, அதற்கும் கீழே அதே மையில் நாலு வரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் நாள் முழுக்க லேத்தின் முன்னால் நின்றுவிட்டு வந்து, ராத்திரி உட்கார்ந்து இவ்வளவு பொறுமையாகச் செய்திருக்கிறாய். ஜப்பான், ஜெர்மனி மைகளை விட்டுவிட்டுப் பேர் தெரியாத நம்மூர் மைகளையும் பேனாக்களையும் சோதித்துக்கொண்டிருந்தால் யார் மதிப்பார்கள் என்று கடைசிப் பக்கத்தில் கேட்டிருக்கிறாயே, அதற்குத்தான் இந்தப் பதில்.

பைலட் மையைப் பற்றி உலகம் முழுக்க எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நீயும் எழுதினால் அவர்களில் ஒருவன். பாலக்காட்டிலோ கொல்கத்தாவிலோ காய்ச்சிய ஒரு மை, மே மாதம் ஆவடியில், சட்டைப்பையில் சூடேறிய பேனாவிலிருந்து ரெக்கார்டு நோட்டுத் தாளில் எப்படி இறங்குகிறது என்று ஒழுங்காக எழுதிவைக்க ஆள் மிகக் குறைவு. அந்த வேலை செய்யப்படாமல் கிடக்கிறது. உன்னால் செய்ய முடியும்.

ஆனால் இந்த நோட்டில் அதை நீ இன்னும் தொடங்கவில்லை. "அழகான பச்சை", "ஆழ்ந்த நீலம்" என்று நிறத்தோடு நின்றுவிட்டாய். நிறம் பார்க்கிற யாருக்கும் தெரியும். அந்த மையை நம்பித் தினமும் எழுதப்போகிறவருக்கு வேறு விஷயங்கள் வேண்டும். எவ்வளவு நேரத்தில் காய்கிறது? வியர்த்த கை பட்டால் இழுத்துக்கொள்கிறதா? ஒரு வாரம் மூடி வைத்துவிட்டு எடுத்தால் முதல் கோட்டிலேயே எழுதுகிறதா? ஜன்னல் வெயில் பட்டால் எழுத்து நிற்கிறதா? இவை இல்லாமல் மைக்கு மதிப்பெண் போடாதே.

மைக்குப் பின்னால் இருப்பவர்களையும் கொஞ்சம் தெரிந்துகொள். நீ 'பழைய ஸ்டைல் பாட்டில்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்ட சுலேகா, 1934இல் மைத்ரா சகோதரர்கள் வங்காளத்தில் தொடங்கியது. சுதேசி இயக்கத்தில் இருந்தவர்களுக்கு வெள்ளைக்காரன் மையில் எழுதுவது உறுத்தியது. அந்த உறுத்தலில் பிறந்த கம்பெனி அது. வங்காளத்துப் பள்ளிக்கூடங்களையும் ஆபீஸ்களையும் பல காலம் ஆண்டுவிட்டு, 1980களின் இறுதியில் மூடிப்போனது. 2000களில் மறுபடி திறந்தது. 2020இல் மைப்பேனா மையைப் புதிதாகக் கொண்டுவந்தபோது 'ஸ்வராஜ்', 'ஸ்வாதீன்' என்று பெயர் வைத்தார்கள். சத்யஜித் ராய் தன் ஃபெலுடா கதைகளில் சுலேகா மையைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார். ராஜமுந்திரியில் ரத்னம் பேனாவும் அதே சுதேசி வேகத்தில் வந்ததுதான். அங்கே செய்த பேனாவைப் பாராட்டி 1935இல் காந்தியே கடிதம் எழுதினார். மும்பையில் தாண்டேகர் 1931இல் குதிரை மார்க் மைத்தூளும் மைவில்லையும் விற்று ஆரம்பித்த தொழில்தான் இன்றைய கேம்லின். நம் சென்னையின் பிரில் மைக்கு வரலாறே சொல்ல வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரு தலைமுறையின் வெள்ளைச் சட்டைப் பைகளில் அதன் நீலம் இருந்தது.

பாலக்காட்டுப் பக்கம் மருத்துவர் ஸ்ரீகுமார் தயாரிக்கும் கிருஷ்ணா மைகளுக்கு மட்டும் நோட்டில் தனியாக இடம் ஒதுக்கு. சின்னப் பாட்டிலில் வருகிறது. அடர்த்தி அதிகம். சில நிறங்கள் காய்ந்த பிறகு சாய்த்துப் பார்த்தால் செம்பு மாதிரியோ பச்சையாகவோ மேலே ஒரு மினுமினுப்பு ஏறும். சாயம் தாளுக்குள் முழுக்க ஊறாமல் மேலேயே உறைந்து நிற்பதால் வருவது அது. அதே காரணத்தால்தான் ஐப்பசி, கார்த்திகையில், காற்றெல்லாம் ஈரமாக இருக்கும்போது, எழுதி வெகுநேரம் ஆன பிறகும் விரலில் ஒட்டுகிறது. ஒன்றைப் புகழ்ந்தால் இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். கோடையில் எடுத்த காயும் நேரத்தை மழைக்காலத்திலும் எடு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுது.

இனி பேனா. நீ இருக்கும் இடத்தின் அருமை உனக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். அம்பத்தூரில் கிழக்கே போகிற வண்டி ஏறினால் சென்ட்ரல். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் பாரிமுனை, என்.எஸ்.சி. போஸ் சாலையில் ஜெம் அண்ட் கோ. 1920களில் தொடங்கிய பேனாக் கடை, 'காமா' என்ற எபோனைட் பேனா அவர்களுடையது. மேற்கே போகிற வண்டி ஏறினால் ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் தாண்டித் திருவள்ளூர். பாண்டுரங்கன் தொடங்கி, இப்போது அவர் மகன் கந்தன் நடத்தும் ரங்கா பேனாக்கள் அங்கேதான் கடைசலாகின்றன. அந்தப் பேனாக்கள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகின்றன, ஜெர்மனியின் யோவோ, போக் நிப்புகளைப் பொருத்தியும் தருகிறார்கள். சென்னையிலேயே ஆசா பேனாக்கள் இருக்கின்றன. பேனா பிடித்தவர்கள் எங்கெங்கிருந்தோ பணம் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் தபாலுக்குக் காத்திருக்கிறார்கள். உனக்கோ எல்லாம் ரயில் ஏறினால் எட்டும் தூரத்தில்.

நீ லேத் ஆள். எபோனைட்டைக் கையில் எடுத்தால் மற்றவர்கள் பார்க்காததைப் பார்ப்பாய். ரப்பரில் கந்தகத்தை நிறையச் சேர்த்து வேகவைத்து இறுக வைத்த பொருள் அது. அதனால்தான் புதுப் பேனாவை மூக்கருகே கொண்டுபோனால் கந்தக நெடி வருகிறது. மூடியைக் கழற்றி மரையைப் பார். ஓட்டம் ஒரே சீராக இருக்கிறதா, கடைசிச் சுற்றில் இறுகுகிறதா, உளி பட்ட வரி உள்ளே தெரிகிறதா என்று எழுது. கைக்கடைசலில் ஒரு பேனாவைப் போல இன்னொன்று இருக்காது. நீ கையில் வைத்திருக்கும் ஒன்றைப் பற்றி மட்டும் எழுது, அந்த மாடல் முழுக்கத் தீர்ப்பு சொல்லாதே. இன்னொரு விஷயம், எபோனைட்டை வெயிலில் வைக்காதே. கறுப்பு வெளுத்துப் பழுப்பாகிவிடும். தண்ணீரில் ஊறவும் போடாதே.

நம்மூர்ப் பேனாக்களில் பெரும்பாலானவை உடம்புக்குள்ளேயே நேராக மையை ஊற்றி எழுதுபவை. மை நிறையக் கொள்ளும், கன்வெர்ட்டர் செலவு இல்லை. ஆனால் இவற்றுக்கு நம் வெயில் ஆகாது. பேனா நிறைய மை இருக்கும்போது தொல்லை இல்லை. பாதிக்குக் கீழே போனதும் மிச்ச இடத்தில் காற்று நிற்கும். காலையில் பட்டரவாக்கத்தில் கூட்ட வண்டியில் நெருக்கிக்கொண்டு நிற்கிறாய், பேனா நெஞ்சோடு ஒட்டியிருக்கிறது. உடம்புச் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரியும், விரிந்த காற்று மையை நிப்பின் வழியே வெளியே தள்ளும். சொட்டு சட்டையில். உடனே "லீக் அடிக்கும் பேனா" என்று எழுதிவிடுவார்கள். பேனாவின் குற்றமில்லை அது. எபோனைட்டில் சூடு மெதுவாக ஏறும் என்பதால் மெல்லிய பிளாஸ்டிக்கைவிட அது இந்த விஷயத்தில் தேவலை. இருந்தும் பாதிக்குக் கீழே இறங்க விடாதே, மூடியை மேலே பார்த்தபடி வை, மரையில் துளி சிலிகான் கிரீஸ் தடவு. இவ்வளவும் செய்த பிறகும் கக்கினால் அப்போது எழுது, எந்த நேரத்தில், எவ்வளவு மை இருக்கும்போது கக்கியது என்பதோடு.

தண்ணீர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்து போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். வாளியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையின் மெல்லிய கோடுகளிலும் படியும். பிறகு மை இறங்கவில்லை என்று மையைத் திட்டிக்கொண்டிருப்போம். கேன் தண்ணீரில் கழுவு. மை மாற்றும்போது தண்ணீர் நிறமில்லாமல் வரும்வரை கழுவு. இரண்டு மைகளை ஒரு பேனாவுக்குள் கலக்கவே கூடாது. சில சாயங்கள் சேர்ந்தால் கசடாகத் திரிந்துவிடும். வயலெட் மை ஊற்றிய பேனாவை அதற்கே விட்டுவிடு, அந்தச் சாயம் எதிலும் தங்கிக்கொள்ளும். மழைக்காலத்தில் பாட்டிலைத் திறந்ததும் மேலே ஆடை மாதிரி ஏதாவது மிதந்தால் அது பூஞ்சை. தயங்காமல் கொட்டிவிடு, அந்த மை பட்ட பேனாவைத் தனியாக வைத்துக் கழுவு. ஸ்டேஷனரி கடையில் மலிவாகக் கிடைக்கும் டிராயிங் மையை மட்டும் எந்த மைப்பேனாவிலும் ஊற்றாதே. அதில் கரித்தூளும் அரக்கும் இருக்கும். ஒரே ராத்திரியில் பேனாவை அடைத்துவிடும்.

கடுக்காய் மை செய்து பார்க்க ஆசை என்று ஓரத்தில் எழுதியிருந்தாய். செய். கடுக்காயை நசுக்கி ஊறவைத்து, அன்னபேதி சேர்த்துச் செய்த மையில் நம் முன்னோர் எழுதியிருக்கிறார்கள். கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்து, எழுதும்போது வெளிறித் தெரிவது காற்றுப் படப்படக் கறுத்துப்போகும். ஐரோப்பியர்களும் ஓக் மரத்துக் காய்ப்பில் இதே வேலையைச் செய்து பல நூற்றாண்டு எழுதினார்கள். ஆனால் வீட்டில் செய்த மையில் வண்டல் உண்டு, புளிப்பும் உண்டு. தொட்டு எழுதும் நிப்பிலோ நாணல் பேனாவிலோ எழுது, எழுதி முடித்ததும் கழுவு.

தொட்டு எழுதும் நிப்பு என்றதும் சாத்தூர் ஞாபகம் வருகிறது. குடிசைத் தொழிலாக நிப்பு அடித்து நாடெங்கும் அனுப்பிய ஊர் அது. பால்பாயின்ட் வந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. பள்ளிக்கூடப் பைகளை நிறைத்த ரெனால்ட்ஸ் பால்பாயின்ட் நம் சென்னையில்தான் தயாரானது. பழைய ஸ்டேஷனரி கடைகளில், பூந்தமல்லி பக்கத்திலும்தான், தூசி படிந்த டப்பாவில் சாத்தூர் நிப்பு கிடைத்தால் விடாதே. எழுதிப் பார்த்து, எப்படி எழுதுகிறது என்று குறித்து வை.

வெயில் சோதனையை இந்த வாரமே தொடங்கு. ஒரே தாளில் எல்லா மையிலும் ஒரு கோடு, பாதியை அட்டையால் மூடி, மேற்கு ஜன்னலில் ஒட்டு. தேதி எழுது. ஒரு மாதம் கழித்து அட்டையை எடுத்தால் எந்த மையை நம்பிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம், எதை லீவ் லெட்டரோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று தெரிந்துவிடும். தாள்களையும் மாற்றிப் பார். கரும்புச் சக்கையிலிருந்து புகளூரில் தயாராகும் டி.என்.பி.எல். தாள், சாதாரண ரெக்கார்டு நோட்டு, பிள்ளைகளின் பரீட்சைத் தாள் மூன்றும் போதும். இந்த ஊரில் எழுதுகிறவர்கள் கையில் இருப்பவை அவைதான். விலை உயர்ந்த ஜப்பான் தாளில் மட்டும் ஒரு மையைக் காட்டினால் அது மையைப் பற்றிய பாதிச் சேதிதான்.

கடைசியாக ஒன்று, மிக முக்கியம். நம்மூர்ப் பொருள் என்பதற்காகக் குறையை மறைக்காதே. பாட்டில் மூடி கசிந்தால், லேபிளில் தயாரித்த தேதி இல்லையென்றால், ஒரே பெயரில் வாங்கிய இரண்டு பாட்டில்கள் வேறு வேறு நிறம் காட்டினால், அப்படியே எழுது. எழுதுவதற்கு முன்னால் செய்தவரிடம் சொல். சிறு தொழில் செய்கிறவர்களுக்கு ஆராய்ச்சிக்கூடம் கிடையாது, பயன்படுத்துகிறவர் சொல்வதுதான் அவர்களுக்குப் பரிசோதனை. நிப்பு கீறுகிறது, கோடு விட்டு விட்டு வருகிறது என்று கொண்டுபோனால், நல்ல பேனாக்காரர் நிப்பைப் பிடுங்கிக் கட்டையில் உட்காரவைத்து, நகத்தால் பிளவை ஒதுக்கி, இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்துக் கையில் கொடுப்பார். கைக்கடைசல் பேனாவில் அந்த ஐந்து நிமிடமும் நீ கொடுத்த விலைக்குள் அடக்கம். அதைக் கேட்டு வாங்காமல் பேனாவை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு மட்டம் என்று எழுதுவது நியாயமில்லை.

ஆகவே கீறுகிறது என்று எழுதியிருக்கிறாயே, அந்தத் திருவள்ளூர்ப் பேனாவை எடுத்துக்கொண்டு ஒரு லீவு நாளில் நேரில் போய் வா. போவதற்கு முன் போன் செய்து கேட்டுக்கொள். எந்தத் தாளில் கீறுகிறதோ அந்தத் தாளையும் கூடவே எடுத்துப் போ. பேனாவை முழுக்க நிரப்பிக்கொண்டு போ. மை இல்லாத பேனாவில் யாராலும் எதையும் சரிபார்க்க முடியாது.

அன்புடன்,
உன் அண்ணன்