சாவியைத் திருகினால் ‘டிக் டிக்’ மட்டுமா?

கேள்வி: காலையில் சாவியைத் திருகினால் காரில் ‘டிக் டிக்’ சத்தம் மட்டும் வருகிறது, இன்ஜின் சுற்றுவதே இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
– வாசகர், கரூர்

பதில்: அவசரப்படாதீர்கள். படபடவென்று தொடர்ந்து சத்தம் வந்தால் பெரும்பாலும் கோளாறு பேட்டரி பக்கம்தான். ஸ்டார்ட்டரின் மின்காந்த சுவிட்சான சாலினாய்டை இழுக்கச் சிறிது மின்சாரம் போதும். மோட்டார் சுற்ற நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். அதைக் கொடுக்க முடியாமல் வோல்டேஜ் சரிந்ததும் சாலினாய்டு விட்டுவிடும், மறுபடி இழுக்கும். நீங்கள் கேட்பது அந்தச் சத்தம்.

ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருகுங்கள். வெளிச்சம் சட்டென மங்கினால், பேட்டரியும் அதன் இணைப்புகளும்தான் சந்தேகத்துக்குரியவை. பானெட்டைத் திறந்து, டெர்மினல் கிளிப்பைக் கையால் அசைத்துப் பாருங்கள்; துளியும் அசையக் கூடாது. வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால், நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றுங்கள். ஆப்பசோடா கரைத்த வெந்நீரும் பழைய டூத்பிரஷும் போதும். தேய்த்து, நன்றாகக் காயவிட்டு முடுக்குங்கள். இவ்வளவிலேயே கிளம்பிவிடும் வண்டிகள் நிறைய.

மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12-க்குக் கீழே போனால் பேட்டரி காலி. இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி வராவிட்டால் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். அதைக் கவனிக்காமல் போட்டால் புது பேட்டரியும் இறங்கிவிடும்.

விளக்கு பளிச்சென்று எரிந்து, ‘டக்’ என ஒரே சத்தம் மட்டும் கேட்டால் மெக்கானிக் சொல்வது சரியாக இருக்கலாம். எதற்கும் பேட்டரியை உங்கள் கண்முன் சோதிக்கச் சொல்லிவிட்டு மோட்டாருக்குப் பணம் கொடுங்கள்.