கருவுற்ற பெண் கம்பு சுற்றலாமா?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

விலங்கியல் மாணவி சிலம்பத்தைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கம்பைத் தொட்ட முதல் பெண் என் அக்கா. பதினோரு வயதில் ஊர்ப் புளியமரத்தடியில் ஆசானிடம் காலடி பயிலத் தொடங்கியவள், திருமணத்திற்குப் பின்னும் மாலை வேளைகளில் தெருப் பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்து வந்தாள். அந்த வருவாயில் ஒரு பகுதிதான் என் தேர்வுக் கட்டணம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் மேல்நிலைப் பள்ளியில் படித்துக் கொண்டிருந்தபோது அக்காவுக்கு முதற் கரு உண்டாகி, இரண்டாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. "கம்பு சுத்துற பொம்பளைக்கு வயிறு எப்படித் தங்கும்?" என்று ஊர் கேட்டது, அவள் மாமியார் கேட்டார், எங்கள் அம்மாவும் கேட்டாள். அக்கா யாருக்கும் மறுமொழி சொல்லவில்லை. கம்பு பரணுக்குப் போயிற்று. சில மாதங்கள் கழித்துப் பிள்ளைகளே வந்து கூப்பிட்டதால் மீண்டும் இறங்கிற்று. ஆனால் குழந்தையைத் தானே தொலைத்துவிட்டோம் என்ற எண்ணம் அவளைவிட்டு இறங்கவில்லை.

கல்லூரிக்கு வந்த முதலாண்டில் மரபியல் வகுப்பில் அமர்ந்திருந்த போதுதான் எனக்கு அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது. தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23 என்று 46 குரோமோசோம்கள் சேர வேண்டிய இடத்தில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பெரும்பாலும் கரு வளர்வதில்லை. முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதிக்கு இத்தகைய பிழையே காரணம். உண்டானது தெரிந்த கருக்களிலேயே நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைகின்றன. அவற்றைச் சுமந்தவர்களில் கம்பைக் கண்ணால் பார்க்காதவர்களும்தான் இருக்கிறார்கள்! மேலும், முதல் பன்னிரண்டு வாரங்கள் கருப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. வழக்கமான உடற்பயிற்சி அதைக் கலைத்துவிடுவதில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போய் இதை அக்காவிடம் சொன்னேன். "இதை நீ முன்னாடியே படிச்சிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த சில மாதங்களில் அவளுக்கு மீண்டும் கரு தங்கியது. இம்முறை பரணா, களமா என்ற வழக்கை ஊர்ப் பேச்சுக்கு விடாமல், ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரிடம் கொண்டு போனோம். அந்த அம்மையார் சிலம்பம் அறியாதவர். ஆயினும் அவர் கேட்ட முதற்கேள்வி, "உனக்கு எதிரே யார் நிற்பது?" என்பதுதான். இப்பொருளின் சாரம் முழுவதும் அக்கேள்விக்குள் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஆபத்து நம் கைக் கம்பில் இருப்பதைவிட எதிராளியின் கம்பில்தான் மிகுதி.

காரணத்தைச் சற்று விரிக்கிறேன். கருப்பைச் சுவர் நெகிழக் கூடியது. அதில் ஒட்டியுள்ள நஞ்சுக்கொடி அவ்வளவு நெகிழாது. வயிற்றில் பலமான அடி விழுந்தாலோ, ஆள் தடுமாறி விழுந்தாலோ சுவர் ஒரு கணம் வளைகிறது. நஞ்சுக்கொடி உடன் வளையாமல் பிரிந்து போகலாம். பிரிந்தால் சேய்க்குப் போகும் உயிர்க்காற்று குறையும். தாய்க்குக் குருதிப் பெருக்கு ஏற்படும். வெளியே ஒரு சொட்டு இரத்தம் தெரியாமலும் உள்ளே இது நிகழக் கூடும். ஆகவே வயிற்றில் அடிபட்டால், வலி இல்லையென்றாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். குத்துச்சண்டை போன்ற மோதும் விளையாட்டுகளைக் கருவுற்றவர் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியார் கூறுவதும் இதனால்தான். அதே வேளையில், தடையேதும் இல்லாத கருவுற்ற பெண்கள் வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை சொல்கிறது. மோதலை விடு, அசைவை விடாதே என்பதே இரண்டுக்கும் பொதுவான பொருள்.

எனவே எதிரெதிர் நின்று ஆடுவது அன்றே நின்றது. துள்ளுவதும், ஒற்றைக்காலில் சுழன்று திரும்புவதும், தரையோடு தாழ்ந்து வீசுவதும் நின்றன. ரிலாக்ஸின் முதலிய சுரப்புகளால் மூட்டுகளின் தசைநார்கள் தளர்கின்றன. வயிறு முன்தள்ளத் தள்ள உடலின் நிறைமையமும் முன்னுக்கு நகர்கிறது. பன்னிரண்டு ஆண்டு பழகிய காலடி கூட அப்போது பொய்த்துவிடும். எஞ்சியவை நின்ற நிலையில் மெதுவான வீச்சும், சுவரோரமாக எண்ணி வைக்கும் காலடியும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மூச்சின் அளவு அதுதான். வெயில் தாழ்ந்த பிறகே தொடங்குவாள். செம்பில் நீர் பக்கத்தில் இருக்கும். உடற்சூடு மிக ஏறுவது, மூளையும் தண்டுவடமும் உருவாகும் தொடக்க வாரங்களில் நல்லதன்று. ஐந்தாம் மாதத்திற்குப் பின் மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகளையும் விட்டாள். கனத்த கருப்பை கீழ்ப் பெருஞ்சிரையை அழுத்தித் தலைசுற்றலைத் தரும்.

நாங்கள் எதிர்பாராத தொல்லை ஒன்று ஆறாம் மாதத்தில் வந்தது. மணிக்கட்டு வீங்கி விரல்கள் மரத்துப் போயின. கருவுற்ற காலத்தில் நீர் கோத்து மணிக்கட்டு நரம்பு அழுந்துவதால் பலருக்கும் இது வருமாம். பிடி தளர்ந்த கையில் சுழலும் கம்பு யார் மேல் விழும் என்று சொல்ல முடியுமா? ஏழாம் மாத வளைகாப்பில் இரு கை நிறையக் கண்ணாடி வளையல் ஏறியதும் கம்பு தானாகவே ஓய்ந்தது. "டாக்டரம்மா சொன்னதைவிட இந்த வளையல் சொன்னதுதான் கேட்குது" என்று அத்தான் சிரித்தார்.

கற்பிப்பதை மட்டும் அவள் விடவில்லை. உண்மையில் அதுவே கூடுதல் ஆபத்து. தேர்ந்தவன் கம்பு எங்கே வருமென்று தெரியும். எட்டு வயதுப் பிள்ளையின் கம்பு எங்கே வருமென்று அந்தப் பிள்ளைக்கே தெரியாது. முதலில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதற்கு இப்பால் பிள்ளைகள் வரக்கூடாது என்றோம். வியர்த்த கையிலிருந்து நழுவிய கம்பு ஒன்று கோட்டைத் தாண்டிப் பறந்து வந்து திண்ணையில் மோதிய பிறகு, அக்கா தூணுக்குப் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டு குரலாலேயே பாடம் நடத்தினாள்.

இரத்தக் கசிவு, நீர்க்கசிவு, விட்டு விட்டு வரும் இடுப்பு வலி, மயக்கம், நெஞ்சுவலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தல் ஆகியவற்றில் எது வந்தாலும் அக்கணமே நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும் என்று ஒரு தாளில் எழிதி ஒட்டினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆகையால் வாய்ப்பாடு போல் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். மறுவாரம் குழாயடியில் அண்டை வீட்டுப் பெண்ணுக்கு அவள் அதை ஒன்று விடாமல் ஒப்பித்துக் கொண்டிருந்தாள். கம்பைப் பழித்த அதே வாய்!

இது எல்லார்க்கும் பொருந்துமா எனில், பொருந்தாது. கடும் இரத்தசோகை, இரத்தக் கொதிப்பு, கருப்பை வாய்த் தளர்ச்சி, நஞ்சுக்கொடி கீழிறங்கியிருத்தல் போன்றவை உள்ளவர்க்கு இந்த மெதுவான வீச்சும் ஆகாமற் போகலாம். புதிதாகக் கம்பு பிடிக்கவும் அது காலமன்று. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் எகிப்து நாட்டு நாடா ஹாஃபெஸ் ஏழு மாதக் கருவுடன் வாட்போட்டியில் இறங்கி, முதற்சுற்றில் வென்றும் காட்டினார். அவர் துணிவை வணங்குகிறேன். ஆனால் அவர் அணிந்த காப்புடையும் அவருடைய பல்லாண்டுப் பயிற்சியும் நம் புளியமரத்தடியில் இல்லை.

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்து இப்போது ஐந்து மாதம். மருத்துவர் சொற்படி முதல் ஆறு வாரம் நடை மட்டும். பிறகு இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சி. சென்ற மாதந்தான் கம்பு. வீச்சு பழையபடி வந்துவிட்டது, வயிற்றுத் தசை இன்னும் ஒத்துழைக்கவில்லை என்கிறாள். துள்ளுவதற்கு மருத்துவர் இன்னும் இசைவு தரவில்லை.