ஒரு கண் திடீரென்று இருண்டால்

செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அங்கே ஒரு தையல்காரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 58. இரவு 7 மணி. ஊசியில் நூல் கோக்கிறார். சட்டென்று வலது கண் இருண்டுவிட்டது.

"வலிக்குதாங்க?" என்கிறார் மனைவி.

"வலி இல்லை. தூங்கி எழுந்தா சரியாயிடும்."

அந்தத் தூக்கம்தான் ஆபத்து.

கண்ணின் உள்ளே, பின்பக்கம், மெல்லிய திரை உண்டு. அதன் பெயர் விழித்திரை. அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் நூல் போல மெல்லியது. இதயத்திலிருந்தோ கழுத்துக் குழாயிலிருந்தோ ஒரு சிறு கட்டி வந்து அதை அடைக்கலாம். வாய்க்கால் அடைத்தால் வயல் காயும். வயல் சில நாள் தாங்கும். விழித்திரை சில மணி நேரம்தான் தாங்கும். சுமார் 4 மணி நேரம் போய்விட்டால், பார்வை திரும்புவது கடினம். இதுவும் ஒரு பக்கவாதம்தான். கண்ணில் வந்த பக்கவாதம்.

இதற்குப் பிராணவாயு சிகிச்சை ஒன்று உண்டு. நோயாளியை மூடிய அறையில் வைப்பார்கள். உள்ளே காற்றின் அழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கும்போது அடைப்பது போல் காது அடைக்கும். அங்கே சுத்தமான பிராணவாயுவைச் சுவாசிக்க வேண்டும். அது ரத்தத்தில் நிறையக் கரையும். விழித்திரைக்குப் பின்னால் வேறு ரத்தக் குழாய்கள் உண்டு. அவற்றிலிருந்து பிராணவாயு விழித்திரைக்கு ஊறிப் போகும். அடைப்பு விலகும்வரை விழித்திரை சாகாமல் இருக்க இது உதவலாம். கடலில் மூழ்கி வேலை செய்பவர்களின் நோய்க்கும் இதே அறைதான்.

இது மந்திரம் இல்லை. சிலருக்குப் பார்வை ஓரளவு திரும்புகிறது. பலருக்குத் திரும்புவதில்லை. எல்லா ஆஸ்பத்திரியிலும் இந்த அறையும் இல்லை. ஆனால் சீக்கிரம் போனால்தான் எந்த வைத்தியத்துக்கும் வழி உண்டு.

ஹைதராபாத்தில் பெயர் பெற்ற கண் ஆஸ்பத்திரிகள் உண்டு. அரசின் சரோஜினி தேவி கண் ஆஸ்பத்திரி ஒன்று. எல்.வி.பிரசாத் கண் ஆஸ்பத்திரி இன்னொன்று. இது 1987இல் தொடங்கியது. 'மனோகரா' படத்தை இயக்கிய அதே பிரசாத்தான் இதற்கு நிலமும் பணமும் கொடுத்தவர். ஆனால் இரவு நேரமானால், பக்கவாதத்துக்கு அவசர சிகிச்சை தரும் பெரிய ஆஸ்பத்திரிக்கே போகலாம். 108க்குப் போன் செய்யலாம். அந்த வண்டி 2005இல் முதலில் ஓடியதே ஹைதராபாத்தில்தான். "7 மணிக்கு ஒரு கண் போய்விட்டது" என்று நேரத்தோடு சொல்ல வேண்டும். தாய்ப்பால், கடைச் சொட்டு மருந்து எதுவும் கண்ணில் விடக் கூடாது.

தையல்காரரின் மனைவி அவரைத் தூங்க விடவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் ஆட்டோ பிடிக்க ஓடினார்.

சிலருக்குக் கண் சில நிமிடம் இருண்டு, தானே தெளியும். அவர்களும் அன்றே போக வேண்டும். அடுத்த கட்டி மூளைக்குப் போகலாம். டாக்டர் ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம், கழுத்துக் குழாய் எல்லாவற்றையும் பார்ப்பார். பீடி குடிப்பவரானால் அதையும் கேட்பார்.