நீரில் இயையும் உடல்

நுழையும்முன்

நீந்தக் கற்கும் பலர் கைகளை விரைவாக வீசியும் சிறிது தொலைவிலேயே களைத்துவிடுகின்றனர். கைவீச்சோடு உடல் திருப்பம் இயையாமையே இதற்கு ஒரு முதன்மைக் காரணம். அவ்வியைபை இப்பாடம் விளக்குகிறது.

விரைவு நீச்சல்

கட்டற்ற பாணி நீச்சல் போட்டியில் வீரர் தாம் விரும்பும் முறையில் நீந்தலாம். எனினும், குப்புறக் கிடந்து கைகளை மாற்றி மாற்றி வீசும் தவழ் நீச்சலையே வீரர்கள் தேர்ந்தெடுக்கின்றனர். நீச்சல் முறைகளுள் அதுவே விரைவானது. 1922ஆம் ஆண்டு அமெரிக்க வீரர் ஜானி வைஸ்முல்லர் 100 மீட்டரை 58.6 வினாடிகளில் நீந்தி, அத்தொலைவை ஒரு நிமிடத்திற்குள் கடந்த முதல் வீரரானார்.

அச்சும் திருப்பமும்

உச்சந்தலையிலிருந்து முதுகுத்தண்டு வழியே ஒரு கோடு செல்வதாகக் கொள்வோம். நீந்துபவரின் உடல் அக்கோட்டை அச்சாகக் கொண்டு இருபுறமும் மாறிமாறித் திரும்புகிறது. வலக்கை நீரில் நுழைந்து முன்னே நீளும்போது வலத்தோள் தாழ்கிறது. இடத்தோளும் இடப்பக்க இடுப்பும் உயர்கின்றன. அவ்வேளையில் இடக்கை நீரைப் பின்னே தள்ளி முடித்து வெளிவருகிறது. பின்னர் வலக்கை நீரைப் பற்றி இழுக்க, உடல் மறுபுறம் திரும்புகிறது.

கல்லெறிபவர் கையை மட்டும் வீசுவதில்லை. இடுப்பையும் சேர்த்தே திருப்புகிறார். நீச்சலிலும் அவ்வாறே முதுகு, இடுப்புத் தசைகளின் வலிமை கைக்குத் துணையாகிறது. உடலைத் தட்டையாக வைத்துக் கையை மட்டும் சுழற்றினால் அச்சுமை முழுவதும் தோள்மூட்டின்மேல் விழும். இப்பழக்கம் நாளடைவில் தோள்வலிக்கு வழிவகுக்கும்.

மூச்சும் தலையும்

மூச்சை நீருக்குள் சீராக வெளிவிட வேண்டும். வலத்தோள் உயரும்போது தலையும் அதனுடன் வலப்பக்கம் திரும்பினால், ஒரு கண் நீருள் இருக்கும்போதே வாய் வெளிவந்துவிடும். மாறாக, தலையை மேலே தூக்கினால் இடுப்பும் கால்களும் தாழ்ந்து நீரின் தடை மிகும். மூச்சு வாங்காத வேளையில் தலை அசையாதிருக்க, தோளும் இடுப்பும் மட்டுமே திரும்புதல் வேண்டும்.

அளவறிந்து திரும்புதல்

திருப்பம் அளவு கடந்தால் உடல் நிலைகுலையும். கால்கள் கத்தரிபோல் விரியும். முன்னே நீளும் கை தலைக்கு நேராகக் குறுக்கிடாமல், தோளுக்கு நேராகச் செல்ல வேண்டும்.

ஒரு கையை முன்னே நீட்டிப் பக்கவாட்டில் கிடந்தவாறு ஆறு முறை காலுதைத்து, ஒரு கைவீச்சோடு மறுபுறம் திரும்பி மீண்டும் ஆறு முறை உதைப்பது நல்ல பயிற்சியாகும். உடல் திரும்பும் கணமும் கை இழுக்கும் கணமும் ஒன்றுவதை இப்பயிற்சியில் உணரலாம். பயிற்றுநர் முன்னிலையில், ஆழம் குறைந்த நீரில் தொடங்குவதே பாதுகாப்பானது. இவ்வியைபு கைவந்தபின் குறைந்த கைவீச்சுகளிலேயே அதே தொலைவைக் கடக்க இயலும்.

கற்பவை கற்றபின்

உடல் திருப்பமும் கைவீச்சும் இணைந்து செயல்படும் வேறொரு விளையாட்டைத் தேர்ந்து, அதன் இயக்கத்தைப் படிநிலைகளாக எழுதி வகுப்பறையில் விளக்குக.