பழைய டிராக்டரைப் புதுப்பித்தல் தகுமா?

சென்ற மாதம் நமது சங்க அங்கத்தினர் ஒருவர் நம்மிடம் யோசனை கேட்டு வந்தார். அவருடைய தந்தையார் உழுத மாஸ்ஸி பெர்குசன் டிராக்டர் களத்துமேட்டுப் புளியமரத்தடியில் ஒன்பது ஆண்டுகளாக நிற்கின்றது. "டயரும் பாட்டரியும் போட்டால் ஓடிவிடும்" என்று மெக்கானிக் ஒருவர் சொல்லியிருக்கிறார். அவ்வார்த்தையை நம்பிக் கடன் வாங்கலாமா என்பதே கேள்வி. இத்தகைய வண்டிகள் பல ஊர்களில் நிற்பதால், நாம் அதனைப் பார்வையிட்ட விதத்தை இங்கு எழுதுகிறோம்.

முதலில் வண்டியின் குலம் கோத்திரம் விசாரித்தல் வேண்டும். பெர்குசன் டி.இ. 20 என்னும் சிறிய டிராக்டர் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் காவென்ட்ரி நகரில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. அவ்வழி வந்த மாஸ்ஸி பெர்குசன் வண்டிகளை, 1960-இல் சென்னையில் தோன்றிய டாஃபே நிறுவனம் நம் நாட்டிலேயே செய்தது. ஆதலின் இவ்வகைக்குப் பாகங்கள் கிடைப்பது எளிது. கை பழகிய மெக்கானிக்குகளும் உளர். எச்.எம்.டி. டிராக்டர்களின் உற்பத்தியை மூடுவதென மத்திய அரசு 2016-இல் முடிவு செய்தது. அவ்வண்டியை எடுக்க எண்ணுவோர் பாகம் கிடைக்கும் இடத்தை உறுதி செய்துகொண்ட பின்னரே ஸ்பானரைத் தொடுதல் நலம்.

தகரம் இற்றிருப்பதும் வர்ணம் உதிர்ந்திருப்பதும் கண்ணை உறுத்துமேயன்றிக் காரியத்தைக் கெடுப்பனவல்ல. பழைய தறி வாங்கும் நெசவாளி விழுதையும் அச்சையும் பார்த்து விலை பேசுவதில்லை. தறிமரத்தைத் தட்டிப் பார்க்கிறார். டிராக்டரிலும் அப்படியே. பெர்குசன் வகைக்குத் தனிச் சட்டம் இல்லை. இஞ்சின், கியர்பெட்டி, பின் அச்சுப்பெட்டி ஆகிய வார்ப்புகள் போல்ட்டுகளால் ஒன்றோடொன்று பிணைக்கப்பெற்று அவையே முதுகெலும்பாக நிற்கின்றன. அவற்றில் விரிசலோ, விரிசலை மறைத்த வெல்டிங்கோ உண்டா என்று அழுக்கைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். நாம் மண்ணெண்ணெயும் தகரத் துண்டும் கொண்டு அரைநாள் இதற்கே செலவிட்டோம். விரிசல் இல்லை.

அடுத்தது இஞ்சின். மேல்நோக்கிய புகைக்குழாயை மூடாமல் விட்டால் மழைநீர் அதன்வழி சிலிண்டருக்குள் இறங்கும். ஒரு பழைய டப்பாவைக் கவிழ்த்திருந்தால் தீர்ந்திருக்கும் இக்கேட்டினால் பாழான இஞ்சின்கள் எத்தனையோ! எண்ணெய்த் தொட்டியின் அடித்திருகை மெல்லத் தளர்த்தினால், நீர் இருப்பின் அதுவே கனத்தால் முந்தி வரும். எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துவிட்டது என அறிக. ரேடியேட்டர் நீர் உட்கசிவதாகவும் இருக்கலாம். நாம் திறந்தபோது ஒரு தேக்கரண்டியளவு துருநீரும் பின்னர்க் கரிய எண்ணெயும் வந்தன. எனினும் இஞ்சின் இறுகிக் கிடந்தது.

இறுகிய இஞ்சினை வேறொரு டிராக்டரில் கட்டி இழுப்பது நம்மவர் வழக்கம். அது பெருந்தவறு. பிஸ்டன் வளையங்கள் முறியும். சிலிண்டரில் நீர் தங்கியிருப்பின் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். இன்ஜெக்டர்களைக் கழற்றி, டீசலும் இஞ்சின் எண்ணெயும் கலந்து சிலிண்டர்களில் ஊற்றிச் சில நாள் ஊறவிட்டோம். பின்னர் மேல் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைப் பிடித்து நாளும் முன்னும் பின்னும் அசைத்து வந்தோம். ஆறாம் நாள் அது நகர்ந்தது. அங்கத்தினரின் முகம் மலர்ந்தது. ஆனால் நகர்வது வேறு, உழுவது வேறு என்பதை அவருக்கு எடுத்துரைத்தோம்.

லிஃப்டைச் சோதிக்க இஞ்சின் ஓடவேண்டும். இவ்வகையில் லிஃப்டின் பம்பு கியர்பெட்டியின் எண்ணெயையே எடுத்துக்கொள்கிறது. கியர் கம்பியின் ரப்பர் உறை கிழிந்தால் அவ்வழி இறங்கும் மழைநீர் பம்புக்கும் சேரும். அவ்வுறை இங்கே கிழிந்திருந்தது. நெடுநாள் நின்ற வண்டியில் கிளட்ச் தட்டும் துருவால் ஒட்டிக்கொள்வதுண்டு. சோதிக்க இயலாத பாகம் எதுவோ அதனைக் கெட்டதாகவே கொண்டு விலை போடுக என்பது எமது கருத்து. அவ்வாறே லிஃப்ட், கிளட்ச், டீசல் பம்பு ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்தோம். பின்டயர் இரண்டின் விலையே அவரைத் திகைக்க வைத்தது.

கூட்டிய தொகையோடு, பிரித்தபின் தெரியவரும் குறைகளுக்காக அதில் கால்பங்கையும் சேர்த்து, அதே வகையில் ஓடும் நிலையிலுள்ள வண்டி சந்தையில் என்ன விலைக்குப் போகிறது என்பதோடு ஒப்பிட்டோம். சிறிதளவே குறைவாக இருந்தது. அவருக்கு ஏழு ஏக்கர் உண்டு. அண்டை நிலங்களுக்கும் வாடகைக்கு உழலாம். இரண்டு ஏக்கர்காரராக இருந்தால் வேண்டாமென்றே சொல்லியிருப்போம். தந்தையின் நினைவுக்காக வைத்துக்கொள்வது தவறன்று; அதற்குக் கடன் வாங்குதலே தவறு.

இவ்வளவும் பார்த்தபின் பதிவுப் புத்தகத்தைக் கேட்டோம். இதனையே முதலில் கேட்டிருக்க வேண்டும்; நம் பிழைதான். வண்டி தந்தையார் பெயரிலேயே இருந்தது. கடன் என்றோ அடைபட்டிருந்தும், கடன் கொடுத்தவரின் பாத்தியதைக் குறிப்பு நீக்கப்படவில்லை. பதினைந்து ஆண்டுப் பதிவும் முடிந்துபோயிருந்தது. இஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் மட்டும் புத்தகத்தோடு பொருந்தின. வாரிசுச் சான்றும், கடன் தீர்ந்ததற்கான கடிதமும் பெற்று, பெயரை மாற்றிப் பதிவைப் புதுப்பிக்க வழியுண்டு என்றறியும் வரை டயருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாமென்று அவரைத் தடுத்து வைத்தோம்.

கடிதம் சென்ற வாரம் கைக்கு வந்தது. கிளட்ச்சைப் பார்ப்பதற்காக வண்டியை இப்போது இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். புகைக்குழாயின்மேல் ஒரு பால்மாவு டப்பா கவிழ்ந்திருக்கிறது.