யார் முதலில் போவது?

பிள்ளைகளே, பிளேஸ்டோவில் ஒரு தபால் நிலையம். அங்கே இரண்டு கவுண்டர்கள். நான்கு பேர் ஒரே வரிசையில் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

1. தாத்தா: யாழ்ப்பாணத்துக்கு மூன்று பார்சல். 9 நிமிட வேலை.
2. பெரியம்மா: திருச்சிக்கு இரண்டு பார்சல். 7 நிமிடம்.
3. அக்கா: ஸ்டாம்ப் வாங்க வேண்டும். 2 நிமிடம்.
4. நீங்கள்: ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். 2 நிமிடம்.

வந்த வரிசைப்படி போனால்

தாத்தா 9ஆம் நிமிடத்தில் முடிப்பார். பெரியம்மா 7இல் முடிப்பார். அவர் இடத்துக்கு அக்கா போவார்: 7 + 2 = 9. பிறகு நீங்கள்: 9 + 2 = 11.
9 + 7 + 9 + 11 = 36. நான்கால் வகுத்தால் சராசரி 9 நிமிடம்.

சின்ன வேலை முதலில் போனால்

நீங்களும் அக்காவும் 2இல் முடிப்பீர்கள். பெரியம்மா 9இல், தாத்தா 11இல்.
2 + 2 + 9 + 11 = 24. சராசரி 6 நிமிடம்!

கவுண்டர் கூடவில்லை. வரிசையை மட்டும்தான் மாற்றினோம்.

நீங்கள் இணையத்தில் ஒரு படத்தைத் திறந்தால், அந்த வேலை தூரத்தில் இருக்கும் ஒரு கணினிக்குப் போகிறது. அதன் பெயர் வழங்கி. வீட்டில் ‘சேர்வர்’ என்று சொல்வோம். பல வழங்கிகள் சேர்ந்து வேலை செய்யும்போது, அவைதான் நம் கவுண்டர்கள். இந்தக் கணக்குப் புதிதல்ல. டென்மார்க்கில் எர்லாங் என்பவர் தொலைபேசி அழைப்புகளைப் பற்றி 1909இலேயே இப்படிக் கணக்குப் போட்டார்.

இப்போ தாத்தாவைப் பாருங்கள். முதலில் வந்தவர், கடைசியில் போகிறார். சின்ன வேலையோடு ஆட்கள் வந்துகொண்டே இருந்தால்? அவர் முறை வரவே வராது! அதனால் கணினிகளில் இன்னொரு விதியும் வைப்பார்கள்: காத்திருக்கக் காத்திருக்க, முன்னுரிமை கூடும். கொஞ்ச நேரம் போனதும், “தாத்தா, இனி நீங்கள் போங்கோ” என்று கணினியே சொல்வதுபோல.

பிளேஸ்டோவில் இருக்கும் நியூஹாம் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் விதி வேறு. அங்கே யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்தான் முதலில்.

புதிய சொற்கள்
சராசரி: கூட்டி, எண்ணிக்கையால் வகுத்தால் வருவது
முன்னுரிமை: முதலில் போகும் உரிமை

பயிற்சி
1. மூன்றாவது கவுண்டர் திறந்தால், வந்த வரிசைப்படி சராசரி எவ்வளவு?
2. தாத்தாவை எவ்வளவு நேரம் காக்க வைக்கலாம்? வீட்டில் பேசி, மூன்று வரி எழுதுங்கள்.